மறு: ‘உட்கஞ்சாப்பொருள்’ வேண்டாமே

வணக்கம்.

மூளையில் உடம்பே சுரக்கும் ‘எண்டோகன்னபினாய்டு’ (endocannabinoid) பொருள்களுக்குத் தமிழில் ‘உட்கஞ்சாப்பொருள்’ என்று நண்பர் முன்வைத்த சொல் இலக்கணப்படி சரிதான். சிக்கல் வேறு. மூளையும் மன உளைச்சலும் பற்றி நான் எழுதிய துண்டறிக்கையில் இதே சொல்லைப் போட்டு, மன்னார்குடியில் சித்தப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டாவது வரியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “ஏம்ப்பா, மண்டைக்குள்ள கஞ்சா ஊறுதுங்கிறியா?”

ஊறுவது கஞ்சா இல்லை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியை (THC) 1964இல் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் போய் ஒட்டும் ஏற்பி (செல்லின் மேலுள்ள வாங்குமிடம்) பிற்பாடு தெரியவந்தது. அப்படியானால் உடம்பே அதற்கென்று ஏதோ சுரக்க வேண்டுமே என்று தேடி, 1992இல் ஜெருசலேமில் ஆய்வாளர் மெக்கூலமின் குழு கண்டெடுத்ததுதான் ஆனந்தமைடு. (ஆனந்தம் உள்ளே இருக்கிறது, அந்தப் பெயரைத் தொட வேண்டாம்.) கஞ்சா வெளியிலிருந்து வந்த விருந்தாளி, வீட்டுக்கு அவர் பெயரை வைப்பானேன்? உடம்பே சுரக்கும் வலிதணிப்பி எண்டார்ஃபினின் பெயரில் மார்ஃபின் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, யார் காதிலும் விழுவதில்லை. கஞ்சா விழும்.

செய்யும் வேலையை வைத்துப் பெயரிடலாம். நரம்புச் சேதி ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பாய்கிறது. வாங்கும் செல்லுக்குப் போதும் என்றானதும் இந்தப் பொருளை எதிர்த்திசையில் அனுப்புகிறது. சேதி அனுப்பிய செல் தன் சுரப்பைக் குறைக்கிறது. சின்ன வயதில் கீழ்வயலில் தண்ணீர் நிறைந்ததும் “போதும் சித்தப்பா!” என்று கத்துவேன். மேலே அவர் ஒரு வெட்டு சேற்றை அள்ளி வைத்து, குதிகாலால் மிதித்து மடையைக் கட்டுவார். அதே கூப்பாடுதான் இது.

உளைச்சலின்போது ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி முடுக்கம் பெற்று, மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் அதன் அளவு இறங்குவதை எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். கூப்பாடு தேய்கிறது, மடை திறந்தே கிடக்கிறது. டிஎச்சியோ எந்த வயல் நிறைந்தது என்று பார்க்காமல் கண்ட மடையையெல்லாம் கட்டச் சொல்லும். கொஞ்சமாக இருந்தால் பதற்றம் தணியலாம்; அளவு கூடினால் பதற்றமே ஏறும்.

முதலில் ‘மடைகட்டி’ என்றுதான் எழுதினேன். மூளை மருத்துவர் வாயில் ‘கட்டி’ என்று வந்தால் நோயாளி அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ‘மடையடைப்பி’யும் அப்படித்தான், அடைப்பு என்றாலே நெஞ்சு நினைவுக்கு வரும். ஆகவே உடம்பு சுரப்பதற்கு ‘மடையடக்கி’, செடியிலிருந்து வருவதற்குக் ‘கஞ்சாச் சேர்மம்’.

ஏற்பியை என்ன செய்வது? ‘மடையடக்கி ஏற்பி’ என்றே வைக்கலாமா, நீளமாகப் படுகிறதா? நாகை, தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் சொல்லுங்கள். மடை தெரியாத ஊர்க்காரர்களும்தான்.