புளூ பரவும்போது கிளினிக் கையில் 40 தடுப்பூசிதான்: யாருக்கு முதலில்?

பிரிக்பீல்ட்ஸ் தாதி:
ஊசி தட்டுப்பாடு என்றதும் முதலில் போன் பண்ணியவருக்கே முன்பதிவு என்று கிளினிக்குகள் திறந்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் காரும் நேரமும் உள்ள திடகாத்திரமான முப்பது வயதுக்காரர்தான் முன்னால் நிற்பார். கவுண்டரிலேயே கேளுங்கள்: கர்ப்பமா? வயது 60 தாண்டியதா? இனிப்புநீர், இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா ஏதும் உண்டா? வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வயதுக் குழந்தைக்கு இந்த ஊசி போடவே முடியாது, சுற்றியிருப்பவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தாய் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டால் அவருடைய எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போய்ச் சேரும். அதனால் கர்ப்பிணி எத்தனையாவது மாதமானாலும் முதல் வரிசைதான். மருத்துவப் பணியாளர்களும் அதே வரிசை. டாக்டர் மட்டுமல்ல, டயாலிசிஸ் மையத்தில் தரை துடைப்பவரும்தான். முட்டை ஒவ்வாமை, லேசான சளி என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நாள்பட்ட நோயுள்ள மூத்தவர்களிடம் மலேசிய அரசு சுகாதாரக் கிளினிக்கில் இலவச ஊசி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையிருப்பு கொஞ்சம் மிஞ்சும்.

பட்டர்வொர்த் மருந்தாளர்:
பிள்ளைகள் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். 6 மாதம் முதல் 8 வயது வரை, முதல்முறை என்றால் நான்கு வாரம் இடைவெளியில் இரண்டு ஊசி. 20 பிள்ளைகளுக்கே அந்த 40 ஊசியும் போய்விடும்.

குளிர்பெட்டி 2 முதல் 8 பாகை செல்சியஸ். உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது உருகியபின் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். உறைந்ததா என்று குலுக்கிப் பார்க்கும் சோதனை அலுமினியம் கலந்த தடுப்பூசிகளுக்கானது. இதற்கு அது உதவாது.

பிறை ஆசிரியை:
பரப்புவது பள்ளிப் பிள்ளைகள்தானே, அவர்களுக்கே முதலில் போட்டால் என்ன? ஜப்பானில் அப்படித்தான் செய்தார்களாமே.

பட்டர்வொர்த் மருந்தாளர்:
செய்தார்கள், டீச்சர். 1962 முதல் 1994 வரை மாணவர்களுக்குப் போட்டார்கள். அந்தக் காலத்தில் முதியோர் சாவும் குறைந்திருந்தது என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதற்குப் பள்ளி பள்ளியாகப் போடும் அளவுக்குச் சரக்கு வேண்டும். 40 ஊசியை வைத்துப் பரவலை நிறுத்த முடியாது, சாவைத்தான் குறைக்கலாம். கிருமியைப் பொறுத்தும் வரிசை மாறும். 2009இல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் வந்தபோது முதியவர்கள் பலருக்குப் பழைய எதிர்ப்புச் சக்தி ஓரளவு இருந்தது. அதனால் அமெரிக்காவில் 24 வயது வரை உள்ளவர்களை முன்னால் வைத்து, 65 தாண்டியவர்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

செந்தூல் முதியோர் இல்லப் பராமரிப்பாளர்:
இல்லத்தில் ஏற்கெனவே இரண்டு பேருக்குப் புளூ உறுதியாகிவிட்டால் ஊசியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளிக்கு ஒசெல்டாமிவிர் என்ற புளூ மருந்து இருக்கிறது. நோய் கண்டவருக்கு 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மற்றவர்களுக்குத் தடுப்பாக, வழக்கமாக 75 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம். கடைசியாக ஒருவருக்கு நோய் கண்டபின் ஏழு நாளாவது தொடர வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு குறையும், டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசிப் பட்டியலில் சமையற்காரர், இரவுக் காவலாளி, வெளிநாட்டுப் பணிப்பெண் மூவரையும் சேருங்கள். வயதானவர் உடம்பில் ஊசி முழுசாகப் பிடிக்காது, வெளியிலிருந்து கிருமியைக் கொண்டுவருவதோ இவர்கள்தான்.