கினிப்பன்றி தீன் தொடுதில்லை, பின்னங்கால் இழுக்குது. அவசர உதவி வேணும்

ஒட்டுசுட்டான்:
ஆண், பத்து மாசம். நேற்று விடியலிலிருந்து தீன் தொடேல்லை. மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் இருக்குது. தூக்கினால் கீச்சிடும், பின்னங்கால் இழுக்குது. புழுக்கை சின்னதாய்க் காய்ஞ்சு வருது. போன மாசம் 760 கிராம், இப்ப 640. தீன்: முயல் பெலட் (கடையில் விக்கிற குச்சித் தீன்), முருங்கை இலை, கரட். கூடு தகரக் கொட்டிலுக்குள்ளே. சின்னப்பிள்ளைக்கு வாங்கின அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருக்கு, குடுக்கலாமோ?

வவுனியா:
அமொக்சிசிலின் வேண்டாம். பென்சிலின் இன மருந்து வாயால் போனால் இதின்ரை குடலில் இருக்கிற நல்ல பக்டீரியா செத்து, நச்சுக் கிருமி பெருகி ஆளையே முடிச்சுப்போடும். பனடோலும் வேண்டாம்.

முதல் வயிற்றைத் தொட்டுப் பாருங்கோ. ஊதி இறுகியிருந்தால் ஒண்டும் ஊட்டாமல் உடனே மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போங்கோ. வயிறு மெத்தெண்டு இருந்தால் இப்பவே ஊட்டத் தொடங்குங்கோ. கினிப்பன்றியின்ரை குடல் ஓடிக்கொண்டே இருக்க வேணும். அரை நாள் வெறும் வயிறே ஆபத்து, உங்கடை ஒரு நாளைத் தாண்டிட்டுது. நாடி (மோவாய்) நனைஞ்சிருக்கோ, முழங்கால் மூட்டு வீங்கியிருக்கோ எண்டும் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்:
வயிறு மெத்தெண்டுதான். நாடி காய்ஞ்சிருக்கு. முழங்கால் ரெண்டும் வீக்கம்.

வவுனியா:
அப்ப விற்றமின் சி குறைவெண்டுதான் படுது. மனுசரைப் போல இதுக்கும் அந்தச் சத்தை உடம்பிலை உண்டாக்கேலாது. முயல் உண்டாக்கும், அதாலை முயல் பெலட்டில் அதைச் சேர்க்கிறேல்லை. குறைஞ்சால் மூட்டுக்குள்ளே இரத்தம் கசியும், பல் ஆடும், பிறகு சப்பேலாது. பட்டினி கிடக்கிறது அதாலைதான்.

பாமசியில் வெறும் விற்றமின் சி 100 மி.கி. குளிசை வாங்குங்கோ. பல விற்றமின் கலந்ததோ நுரைச்சுக் கரையிறதோ வேண்டாம். பாதிக் குளிசையை 5 மி.லீ. தண்ணியில் கரைச்சு, காலை பாதி, பின்னேரம் பாதி. ஒவ்வொரு நாளும் புதுசாய்க் கரைக்க வேணும். குடிதண்ணிக்குள்ளே போட்டால் கெட்டுப்போகும், எவ்வளவு குடிச்சதெண்டும் தெரியாது.

கிளிநொச்சி:
ஊட்டுற விதம். பெலட்டைக் காய்ஞ்சபடியே கிரைண்டரில் மாவாக்கி, ஆறின சுடுதண்ணியில் கூழாய்க் கரையுங்கோ. அரைக்காமல் ஊறவைச்சால் சிரிஞ்ச் அடைக்கும். ஊசியில்லாத 1 மி.லீ. சிரிஞ்ச் போதும். துவாயால் சுத்தி நிமிர்த்திப் பிடிச்சு, முன்பல்லுக்குப் பின்னாலை பக்கவாட்டில் விட்டு அரை மி.லீ. தள்ளுங்கோ, விழுங்கின பிறகே அடுத்தது. மல்லாத்திப் பிடிச்சால் கூழ் சுவாசப்பைக்குள்ளே போயிடும். 640 கிராமுக்கு ஒரு நாளைக்கு 32 முதல் 40 மி.லீ., அஞ்சாறு தரமாய்ப் பிரிச்சு, இரவிலும் ஒருக்கா. மாட்டுப்பால் கலக்க வேண்டாம். தானாய்க் கடிக்கத் தொடங்கும்வரை நிப்பாட்டாதேங்கோ.

கூட்டைக் கொட்டிலிலிருந்து இண்டைக்கே எடுங்கோ. 27 பாகைக்கு மேலே போனாலே இதுக்குக் கஷ்டம், வேர்க்காது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில் தகரத்துக்குக் கீழே எப்படியிருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள்ளே சீமெந்து நிலத்திலை வைச்சு, உறைஞ்ச தண்ணிப் போத்தலைத் துணியில் சுத்தி ஒரு பக்கத்தில் போடுங்கோ. வேணுமெண்டால் அதோடை சாயும், வேண்டாமெண்டால் விலகும்.

ஒட்டுசுட்டான்:
ஊட்டியாச்சு, விழுங்குது. வைத்தியரிட்டைக் கட்டாயம் போகவேணுமோ?

வவுனியா:
போகவேணும், கடைவாய்ப்பல்லை ஆரும் பார்க்கத்தான் வேணும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதல் போன் எடுத்து, சின்னப் பிராணி பார்ப்பினமோ எண்டு கேளுங்கோ, அங்கை வேலை பெரும்பாலும் மாடு ஆடுதான். பென்சிலின் இனம் வாயால் வேண்டாமெண்டு நீங்களே சொல்லுங்கோ. தேவையெண்டால் என்ரோபுளொக்சசின் போல வேறை இன அன்ரிபயோட்டிக் ஒண்டை அவர் நிறை பார்த்துத் தருவார். ஏலாதெண்டால் ஏ9 வழியாய்ப் பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரி இருக்கு, தூரந்தான்.

கிளிநொச்சி:
இனித் தீனை மாத்துங்கோ. முக்கால்வாசி புல்லாய் இருக்க வேணும். றோட்டுக் கரையில் நிக்கிற கினிப்புல் நல்லது, ஆனால் களைநாசினி அடிச்ச வயல் வரம்பில் வெட்டாதேங்கோ. கறிமிளகாய் விதை நீக்கி ஒவ்வொரு நாளும், கொய்யா விரலளவு துண்டு கிழமையில் ரெண்டு மூண்டு தரம். முருங்கை இலையில் கல்சியம் கூட, எங்கடை கிணத்துத் தண்ணியும் கடினம். ரெண்டும் சேர்ந்தால் சலப்பையில் கல்லு வரலாம், அதை எப்பவாவது குடுங்கோ.

ஒட்டுசுட்டான்:
சோடி ஒண்டும் அதே கூட்டில் இருக்கு, அது நல்லாய்த் தின்னுது. பிரிக்கவோ?

வவுனியா:
மூக்கு ஒழுகாட்டில் பிரிக்க வேண்டாம், தனிச்சால் இன்னும் சோரும். ஆனால் அதுவும் இதே பெலட்டைத்தானே திண்டது. ஒரு நாளைக்குக் கால் குளிசை அதுக்கும் குடுங்கோ. ஒவ்வொரு நாளும் காலையில் ரெண்டையும் தராசில் வைச்சு எழுதிக்கொண்டு வாங்கோ, புழுக்கையையும் பாருங்கோ.