மேஜை ஆர்கனைசர், முதல் முயற்சி: லேசருக்கு ஃபைல் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

மண்டபம்_கரை
பேனா, மொபைல், ஸ்டிக்கி நோட், கத்தரிக்கோல் போட்டு வைக்க ஒரு ஆர்கனைசர் இங்க்ஸ்கேப்பில் (படம் வரையுற மென்பொருள்) வரைஞ்சிருக்கேன். நீளம் 240, அகலம் 120, உயரம் 100 மி.மீ. முன்பலகையில் பாம்பன் பாலத்தைத் துளைச்சு எடுக்கணும், கீழே ஊர்ப் பெயர். ராமநாதபுரத்தில் நேம் போர்டு செய்யுற கடையில் வெட்டித் தர்றாங்க. உப்புக்காத்து ஊருன்னு மரைன் பிளைவுட்டே வாங்கிடலாமா? பலகைகளைப் பூட்டுற பல்லும் 10 மி.மீ., அது நுழையுற காடியும் 10 மி.மீ.ன்னு வரைஞ்சிருக்கேன், அது போதுமா? பலகை கிடைக்கலேன்னா சன்போர்டு போடலாம்னு கடையில் சொல்றாங்க.

பலகைவாசி
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: சன்போர்டு வேண்டாம் தம்பி. அது பி.வி.சி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். மூச்சுக்கும் கேடு, மெஷினுக்குள்ள இருக்குற இரும்பையும் அரிச்சுடும்.

மரைன் பிளைவுட் விஷயத்தில் கடற்கரைக்காரங்க எல்லாருமே நினைக்கிறதைத்தான் நீங்களும் நினைச்சிருக்கீங்க. மரைன் பிளைவுட்டில், அதாவது ஐ.எஸ். 710 தரப் பலகையில், ஃபீனாலிக் பசை இருக்கும். தண்ணிக்கு அது நல்லது, லேசருக்கு எதிரி. பசை அடுக்கு கரியாகிக் கதிரைத் தடுக்கும். ரெண்டு மூணு தடவை ஓட்டினால்தான் அறுபடும், அதுக்குள்ள ஓரம் கருகிடும். மேஜை மேல இருக்கப்போற பொருள் நனையப் போறதில்லை, ஈரக்காத்து மட்டும்தான் படும். எம்.ஆர். கிரேடு (ஈரக்காத்தைத் தாங்குற சாதா பிளைவுட்), 3 மி.மீ., வெளிர் நிறப் பலகை போதும். ஈரத்தைத் தடுக்குறது பூச்சோட வேலை.

பூச்சை உள்ளேயும் வெளியேயும் அடிங்க. ஒரு பக்கம் மட்டும் சாண்டிங் சீலர் (மரத்துளையை அடைக்குற பூச்சு) அடிச்சா அடிக்காத பக்கம் ஈரத்தை இழுத்து உப்பும், பலகை வில்லா வளையும். ஐப்பசி, கார்த்திகையில் இது நல்லாத் தெரியும். வாங்கின பலகையைச் சுவரில் சாய்ச்சு வைக்காம, தரையில் கிடத்தி மேலே பாரம் ஏத்தி வைங்க. நெளிஞ்ச பலகையில் ஃபோகஸ் மாறும். ஓரம் அறுபட்டு நடுப்பகுதி அறுபடாம நிக்குறதுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம்.

கெர்ஃப்_கணக்கு
10க்கு 10 வரைஞ்சா லொடலொடன்னு ஆடும். கதிர் ஒரு கோடு அளவுக்கு மரத்தை எரிச்சு எடுத்துடுது, அதுதான் கெர்ஃப். பல் அந்த அளவு குறையும், காடி அந்த அளவு கூடும். ஆக இடைவெளி கெர்ஃபைப் போல ரெண்டு மடங்கு.

ஊகிக்காதீங்க, அளந்து பாருங்க. வெட்டப்போற அதே பலகையில், அதே மெஷினில் 100 மி.மீ. நீளப் பட்டை ஒண்ணு வெட்டி, அதைப் பத்துத் துண்டா அறுக்கச் சொல்லுங்க. துண்டுகளை எடுக்காம, பட்டை இருந்த குழிக்குள்ளேயே ஒரு பக்கமா நெருக்கித் தள்ளி, மிச்ச இடைவெளியை வெர்னியரில் அளந்து 11ஆல் (நடுவில் 9 வெட்டு, ரெண்டு முனையில் 2) வகுங்க. 1.98 வந்தால் கெர்ஃப் 0.18. வெளிக்கோட்டை அதில் பாதி, அதாவது 0.09 மி.மீ., வெளிப்பக்கம் தள்ளினால் பல்லும் காடியும் 10க்கு வந்துடும். பலகைக்கு நடுவில் இருக்குற துளையை மட்டும் உள்பக்கம் தள்ளணும். பெட்டி வரைஞ்சு தர்ற பாக்ஸஸ்.பை மென்பொருளில் பெட்டி எடுக்குறவங்க ‘பர்ன்’ கட்டத்தில் போட வேண்டியதும் இந்தப் பாதி அளவுதான், முழு கெர்ஃப் இல்லை. தப்பு நடக்குறது பெரும்பாலும் இங்கேதான்.

மண்டபம்_கரை
நன்றிண்ணே. பலகை வாங்கியாச்சு. 3 மி.மீ.ன்னுதான் கொடுத்தாங்க, ஆனா வெர்னியரில் ஒரு மூலையில் 2.7, இன்னொரு மூலையில் 2.8 காட்டுது.

கெர்ஃப்_கணக்கு
அப்படித்தான் இருக்கும். 2.8ன்னே எடுத்துக்குங்க. பல்லோட நீளம் 2.8. தடுப்புகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு குறுக்கே இறங்குற வெட்டை, கோட்டைத் தள்ளுற ஆஃப்செட் எதுவும் இல்லாம 2.65 அகலத்தில் வரைங்க. கெர்ஃப் 0.18 என்றால் வெட்டின பிறகு 2.83 ஆகும், கையால் அழுத்தினால் இறங்கும். ஒரு தடுப்பில் மேலிருந்து பாதி உயரம், இன்னொண்ணில் கீழிருந்து பாதி உயரம். ஸ்டிக்கி நோட் 76 மி.மீ., அந்த அறைக்கு உள்ளளவு 80 விடுங்க. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளை ஒட்டி வரைஞ்சிருந்தா ஒரே கோடு ரெண்டு தடவை பதிஞ்சிருக்கும், அதில் ஒண்ணை அழிச்சிடுங்க. இல்லேன்னா கதிர் அதே வழியில் மறுபடி போய்க் காடியை அகலமாக்கிடும்.

செதுக்கு
பாலத்துக்கும் எழுத்துக்கும் மட்டும் சொல்றேன்.

பலகை மேல்தோலில் தெரியுற மர ரேகை 240 மி.மீ. பக்கமா ஓடணும். பாலத்துச் சட்டங்கள் 2.5 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது, ரேகைக்குக் குறுக்கே நிக்குறவை 4 மி.மீ. இருக்கட்டும், இல்லேன்னா புகைக்கறை படாம இருக்க மேலே ஒட்டுற மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போதே முறியும். 1914இல் திறந்த பழைய பாலம் என்றால் ரெண்டு இறக்கையும் தூக்கி நிக்குற வடிவம் போதும், பார்த்ததும் தெரிஞ்சிடும். புதுப் பாலத்தோட தூக்கு கோபுரத்தில் பொடிச் சட்டம் அதிகம், இந்த அளவுக்கு ஒத்துவராது.

ஊர்ப் பெயரைத் துளைக்காதீங்க, மேலோட்டமாச் செதுக்கச் சொல்லுங்க. துளைச்சா ண, ன, ல மாதிரி எழுத்துகளில் சுழிக்கு உள்ளே இருக்குற துண்டு கழண்டு விழுந்துடும். எழுத்தை பாத் ஆக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோடா) மாத்திட்டுத்தான் ஃபைல் அனுப்பணும். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லேன்னா கட்டம் கட்டமா வரும், இல்லேன்னா ‘தொ’ எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாப் பிரியும். திரையில் பார்த்துட்டே வெட்டச் சொல்லுங்க.

பலகைவாசி
ஒட்டுறதுக்கு ஒண்ணு சேர்த்துக்குங்க: பசை இல்லாம முதல்ல பூட்டிப் பார்த்து, பல் ஓரத்துக் கரியை 220 நம்பர் உப்புத்தாளால் ஒரே ஒரு இழுப்பு இழுங்க. கரி மேல ஃபெவிகால் பிடிக்காது, அதுக்காக ரொம்பத் தேய்ச்சா இறுக்கம் போயிடும். சீலர் அடிக்குறது பலகைகளை ஒட்டின பிறகுதான். நூலால் கட்டின கையோட மூலைக்கு மூலை அளந்து பாருங்க. வெளியளவு 240, 120 என்றால் ரெண்டு மூலைவிட்டமும் 268 மி.மீ. வரணும். வரலேன்னா பசை இழுக்குறதுக்குள்ள நீளமா இருக்குற மூலைவிட்டத்தோட ரெண்டு முனையையும் பிடிச்சு அமுக்குங்க. அடியில் ஃபெல்ட் ஒட்டுங்க, ஆணி வேண்டாம், நம்ம காத்துக்குத் துருப்பிடிச்சு மேஜையில் கறை விடும்.