'நாக்சியஸ் வீட்': நச்சுக்களை என்பதை ஏன் ஏற்கலாகாது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சுரங்கம் தோண்டி மூடிச் சீரமைத்த நிலங்களில் களைக்கொல்லி தெளிப்பது பற்றிய அமெரிக்க விதிமுறைகளைத் தமிழாக்கிவரும் நண்பர், கேடு தருவதென அரசு பட்டியலிட்ட களையைக் குறிக்கும் 'நாக்சியஸ் வீட்' என்பதற்கு 'நச்சுக்களை' என்று எழுதலாமா எனச் சென்ற வாரம் கேட்டிருந்தார். அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆயினும் அச்சொல்லை நாம் ஏற்கலாகாது என்றே நான் கருதுகிறேன்.

முதற்காரணம் விதியிலேயே இருக்கிறது. அங்கு 1977இல் இயற்றப்பட்ட மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாட்டு, நிலச் சீரமைப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த கூட்டரசு விதிகள், சீரமைத்த நிலத்தின் தாவரப் போர்வை 'பாய்சனஸ்' தாவரங்களையும் 'நாக்சியஸ்' தாவரங்களையும் பற்றிய சட்டங்களுக்கு இசைந்திருக்க வேண்டும் என்று இரு சொற்களையும் அடுத்தடுத்து வைக்கின்றன. முன்னதை நச்சுத் தாவரம் என்றுதான் நாம் எழுதுவோம். பின்னதற்கும் நச்சையே ஆண்டால், விதி சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும்.

மொன்டானா மாநிலச் சட்டத்தின் வரையறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நிலத்தை வேளாண்மைக்கோ, காடு வளர்ப்புக்கோ, கால்நடைக்கோ, காட்டுயிர்களுக்கோ உதவாமல் ஆக்கக்கூடிய, அல்லது மண்ணுக்குரிய தாவரக் கூட்டங்களைக் கெடுக்கக்கூடிய அயல் தாவரம் என்பதே அங்குள்ள பொருள். நஞ்சு என்ற பேச்சே அதில் இல்லை. கனடா திசில் என்னும் முட்செடியை மாடு தின்றால் சாகாது, ஆனால் அது அம்மாநிலத்தின் 'நாக்சியஸ்' பட்டியலில் இருக்கிறது. மேய்ச்சல் நிலங்களில் மாடுகளைக் கொல்லும் லார்க்ஸ்பர் என்னும் நச்சுச்செடி அந்த மண்ணுக்கே உரியது என்பதால் வரையறைக்குள் வருவதில்லை. சீட்கிராஸ் என்னும் புல் எவ்வளவு பரவினாலும், மொன்டானாவில் அது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தாவரம் மட்டுமே, 'நாக்சியஸ்' அன்று. ஆகவே இது செடியின் வேதியியலைச் சொல்லும் சொல்லன்று. அரசு அச்செடியின்மேல் இட்ட முத்திரை.

இரண்டாவது காரணம் நம் இலக்கணத்தில் இருக்கிறது. 'களை' ஈற்றில் வரும்போது, பன்மை விகுதியும் இரண்டாம் வேற்றுமையும் சேர்ந்த '-களை' என்பதோடு அது மயங்கும். 'சுரங்க நிலத்தில் நச்சுக்களை அகற்றுதல்' என்று தலைப்பிட்டால், படிப்பவர் ஈயத்தையும் ஆர்செனிக்கையும் நினைப்பாரே தவிர முட்செடியை நினைக்கமாட்டார். சுரங்க நிலத்தில் உண்மையான நச்சுகளும் இருக்கக்கூடும் என்பதால் இதை அச்சுப்பிழை போல ஒதுக்கிவிட முடியாது. 'கேடுகளை', 'தீங்குகளை' என்பவையும் இதே காரணத்தால் விழுந்துவிடுகின்றன. 'கொடுங்களை' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 'கொடுங்கள்' என்ற ஏவலில் கண் ஒரு கணம் தடுக்கி நிற்கிறது.

எனவே 'வன்களை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். வன்சொல், வன்செயல், வன்கொடுமை ஆகியவற்றில் உள்ள 'வன்' தீங்கையும் விடாப்பிடியையும் ஒருசேரத் தருகிறது. அம்மான் பச்சரிசியின் பேரினத்தைச் சேர்ந்த லீஃபி ஸ்பர்ஜ் என்னும் செடியை எண்ணிப் பாருங்கள். அதன் பால் தோலை அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிலம் வைத்திருப்போரைத் தளரச் செய்வது 15 அடிக்கும் கீழே இறங்கும் அதன் வேர். மேலே கருகினாலும் அது அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

'கன்ட்ரோல்' என்பதற்கு 'ஒழிப்பு' என்று எழுதும் நம் வழக்கத்தையும் இங்கே விட வேண்டும். லீஃபி ஸ்பர்ஜைக் கொல்ல பிக்லோரம் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால், அது மண்ணில் நெடுநாள் தங்கி, சீரமைப்புக்காக விதைத்த பயறுவகைச் செடிகளையும் கெடுக்கும். திசிலுக்குத் தெளிக்கும் குளோபிரலிட் என்னும் களைக்கொல்லி புற்களை விட்டுவைக்கும். ஆனால் சூரியகாந்திக் குடும்பத்து நாட்டுச் செடிகளையும் பயறுவகைகளையும் விட்டுவைக்காது. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பகுதிகளில், விதைப்பு முடிந்தபின் குறைந்தது 10 ஆண்டுகள் அந்தத் தாவரப் போர்வைக்கான சுரங்க நிறுவனத்தின் பொறுப்பு நீடிக்கிறது. மாநிலம் ஏற்ற வழக்கமான பராமரிப்பாக இருக்கும்வரை களைக் கட்டுப்பாடு இந்தக் கணக்கைக் குலைப்பதில்லை. அந்த ஏற்புக்குப் புறம்பாகக் கூடுதலாக விதைத்தால் 10 ஆண்டுகளும் முதலிலிருந்து தொடங்கும். இத்தனை அளந்து செய்யும் வேலைக்கு 'ஒழிப்பு' பொருந்தாது. குறள் 550இல் வரும் 'களைகட்டல்', களையெடுப்பதைக் குறிக்கும் அழகான பழஞ்சொல். இன்று 'களைகட்டுதல்' திருவிழாவுக்குப் போய்விட்டதால் 'களைக் கட்டுப்பாடு' என்றே கொள்வோம்.

அன்புடன்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். 'நச்சுக்களை' பற்றிய தங்கள் மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 'வன்களை' என்பதை உழவர் 'எளிதில் சாகாத களை' என்று மட்டும் புரிந்துகொள்ள மாட்டாரா? கோரையும் அருகும் அப்படிப்பட்டவைதாமே? தாங்கள் வற்புறுத்தும் அரசு முத்திரை இச்சொல்லில் எங்கே இருக்கிறது? மேலும் 'ரிக்ளமேஷன்' என்பதற்கு நான் 'மீட்பு' என்று எழுதி வந்தேன். தாங்கள் 'சீரமைப்பு' என்கிறீர்கள்.

மறுமொழி:

தங்கள் ஐயம் சரியானது. பொதுப் பேச்சில் 'வன்களை' போதும். விதியை மொழிபெயர்க்கும் இடத்தில் முதல்முறை 'அறிவிக்கப்பட்ட வன்களை' என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். கோரை எவ்வளவு வலிமையாயினும் அறிவிக்கை இல்லாதவரை அது வெறும் களையே என்பது அதனால் விளங்கும். 'மீட்பு' வேண்டாம், 'சுரங்க மீட்புப் பணி' என்று எழுதினால் உள்ளே சிக்கிய தொழிலாளர்களை வெளியே கொண்டுவரும் பணி என்றே எவரும் படிப்பர், அப்படித்தான் படிக்கவும் வேண்டும். 'சீரமைத்த சுரங்க நிலம்' நீளமானதுதான். அதைவிடக் குறுகிய, மயக்கம் தராத சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். மொழிபெயர்ப்பின் இரண்டாம் இயல் இன்னும் தொடங்கவில்லை.