கலைச்சொல் தேவை: காத்து திசை மாறுறதுக்கு (கூடவே அந்தக் கட்டுமரம் பிரச்சினை)

எல்லாருக்கும் வணக்கம்,

சிறுவர் மாத இதழ் ஒன்னுக்கு ஒரு கட்டுரை தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல நாக்ரா 17 படகுப் போட்டி (ரெண்டு பேர் ஓட்டுற ரெட்டை உடல் பாய்மரப் படகு, இங்கிலீஷ்ல கேட்டமரான்), அர்ஜென்டினாவோட சாந்தியாகோ லாங்கேயும் செசிலியா கர்ரான்சாவும் தங்கம் வாங்கினது. லாங்கேவுக்கு அப்போ 54 வயசு, முந்தின வருஷம்தான் புற்றுநோய்னால நுரையீரல்ல ஒரு பகுதியை எடுத்திருந்தாங்க. கதை நல்லாவே வந்துட்டு இருக்கு, நான் மாட்டிக்கிட்டது சொற்கள்ல.

பல நாள் நடக்குற போட்டி இது. 12 ஓட்டம், முதல்ல வந்தா 1 புள்ளி, ரெண்டாவதுக்கு 2, அப்படியே ஏறும், மொத்தத்துல யாருக்குக் குறைச்சலோ அவங்க மேல. ரொம்ப மோசமான ஓட்டம் ஒன்னைக் கணக்குல இருந்து விட்டுருவாங்க. கடைசியா முதல் பத்து படகுக்கு மட்டும் பதக்க ஓட்டம், அதுல புள்ளி ரெட்டிப்பு. இதையெல்லாம் விளக்கிடலாம். ஆனா போட்டி நடந்த குவானபரா விரிகுடாவைச் சுத்தி மலைங்க, காத்து அதுல முட்டி உடைஞ்சு வருது, பாதைக்கு இடப்பக்கம் ஒரு திசை வலப்பக்கம் ஒரு திசை, நிமிஷத்துக்கு நிமிஷம் அஞ்சு பத்து டிகிரி மாறுது, முழுப் போட்டியும் அந்த மாற்றத்துலதான் இருக்கு. அந்த மாற்றத்துக்கு ஒரு சொல் வேணும். மாறினது நமக்கு உதவினா ஒரு சொல், கெடுத்தா ஒரு சொல். கேட்டமரானுக்கும் ஒன்னு சொல்லுங்க. கட்டுமரம்னு போட்டா பிள்ளைங்க மனசுல மெரினா வந்து நிக்குது.

ந.

----

அன்புள்ள ந. அம்மாவுக்கு,

வெளியில தேடவே வேண்டாம், புறநானூறு 30-ஆம் பாட்டைப் பாருங்க. ஞாயிறு போற பாதை, மண்டிலம்னு அடுக்கிட்டு வந்து "வளி திரிதரு திசையும்"ங்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். காத்து திரியுற திசை! அளந்து அறிஞ்சவங்க இருந்தாங்கன்னு வேற சொல்றார். அதனால வளித்திரிவு. இதுக்கு மேல ஒரு சொல் அமையாது. அதே பாட்டுல கூம்பு இருக்கு, மீப்பாய் இருக்கு, பாய்மரக்கம்பத்துக்கும் மேல் பாய்க்கும் அதையே எடுத்துக்கலாம். "வளிதொழில் ஆண்ட உரவோன்"னு கரிகாலனோட முன்னோரைப் பாடின மொழி இது, காத்தை ஆளுறதுக்கு நம்மகிட்ட சொல் பஞ்சம் கிடையாது.

மு.

----

மு. ஐயா, பாட்டு அருமை, ஆனா திரிவுன்னா எனக்கு முதல்ல பால்தான் ஞாபகம் வருது. பத்து வயசுப் பிள்ளைக்கும் அதுதான் வரும். வளி பரவாயில்ல, வளிமண்டலம்னு பாடப் புத்தகத்துலயே படிச்சிருக்காங்க. காத்து மாற்றம்னு போட்டா என்ன குறைஞ்சு போகுது? இன்னிக்கு வாசிக்கிறவனுக்குப் புரியலைன்னா சங்கச் சொல்லா இருந்தும் புண்ணியமில்ல.

செ.

----

செ. தம்பி,

பால் திரியுறதும் திரிதல்தான், தொல்காப்பியர் புணர்ச்சியில சொல்ற திரிபும் அதே வேர்தான், திரிந்து அலையுறதும் அதுதான். ஒன்னு தன் நிலையில இருந்து வேறாகுறது, அதான் அடிப்படைப் பொருள். மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல்னு மூணு திரிபு சொல்றாரே, காத்துக்கும் அதைப் பொருத்திப் பாருங்க. திசை பிறிதாகும், வேகம் மிகும், வேகம் குன்றும். படகுக்காரன் கவனிக்கிற மூணும் அதுலயே அடங்கிடுது. காத்து மாற்றம்னா பருவக்காத்து மாறுறதும் அதுதான், அஞ்சு டிகிரி நகர்றதும் அதுதான்னு ஆயிடும்.

மு.

----

எல்லாருக்கும் வணக்கம். நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம், அப்பா காலம் வரைக்கும் பாய் வச்சுத்தான் கடலுக்குப் போனோம். ஐயா கடைசியா சொன்ன விஷயத்துல நியாயம் இருக்கு. எங்களுக்குக் காத்துக்குப் பேரு உண்டு, கொண்டல், வாடை, கச்சான், சோழகம். எந்தப் பக்கமிருந்து வருதோ அதுதான் பேரு. கொண்டல் போயி கச்சான் வந்துருச்சுன்னா அது பெரிய மாற்றம், அன்னிக்குத் தொழிலே வேற. ந. அக்கா கேக்குறது அதில்ல. கொண்டல் கொண்டலாவே இருக்கும், ஆனா கொஞ்சம் நவுரும். அந்த நவுரலுக்கு நான் பிசகல்னு சொல்வேன். காத்து பிசகுதுன்னா யாருக்கும் விளங்கும்.

கட்டுமரத்துக்கு வர்றேன், இதுல எனக்குப் பிடிவாதம் உண்டு. கட்டுமரம்ங்கிறது மரத்தைப் பக்கம் பக்கமா வச்சுக் கயித்தால கட்டுறது. கரைக்கு வந்தா அவுத்துக் காயப் போடலாம், உள்ளே உட்கார இடம் கிடையாது, தண்ணி மேல ஏறி அப்படியே வழிஞ்சு ஓடும். ரெட்டை உடம்பு வச்ச பைபர் படகுக்கு அந்தப் பேரைக் குடுத்தா நாளைக்கு நெசமான கட்டுமரத்தை என்னன்னு கூப்பிடுவீங்க? ஏற்கனவே கரையில காணாமப் போயிட்டு இருக்கு, பேரையும் எடுத்துராதீங்க.

அ.

----

அ. சொன்னதுக்கு வரலாற்றுச் சான்றே இருக்கு. 1697-ல வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில பார்த்ததா எழுதினப்போ அந்தப் பேரு மரத்தைக் கட்டின தெப்பத்துக்குத்தான். ரெட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரங்களான பாலினீசியர்களோட மரபு, பேருதான் நம்மளோடது. அமெரிக்காவுல நதானியேல் ஹெர்ரஷாஃப் 1876-ல அமரில்லிஸ்னு ஒரு ரெட்டை உடல் படகு கட்டி நியூயார்க் போட்டியில எல்லாரையும் தோற்கடிச்சார், அப்புறம் அந்த வகைப் படகையே போட்டியில சேர்க்க மாட்டோம்னுட்டாங்க.

இன்னொன்னு, கட்டுமரத்தை வினைத்தொகைன்னு பல பேர் எழுதுறாங்க, கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம்னு. எனக்கு ஒப்புதல் இல்ல. கட்டுச்சோறுல ச் மிகுது பாருங்க, வினைத்தொகைன்னா மிகாது. கட்டுங்கிறது அங்க பெயர், வன்தொடர்க் குற்றியலுகரம், அதான் மிகுது. கட்டுமரத்துல ம வர்றதால வேறுபாடு தெரியாமப் போயிடுச்சு. ஆகவே யாராவது கட்டுபடகுன்னு புதுசா உண்டாக்கினா தயவுசெஞ்சு ப் போட்டு எழுதுங்க.

கோ.

----

கோ. ஐயா, கட்டுப்படகுன்னு யாருமே சொல்லலையே! ஆனா கட்டுச்சோறு வாதத்தை ஏத்துக்கிறது கஷ்டம், சுடுசோறு, ஊறுகாய் எல்லாம் மிகாமத்தானே இருக்கு.

செ.

----

செ., சுடுசோறு, ஊறுகாய் ரெண்டுமே வினைத்தொகை, அதனாலதான் மிகல. நீங்க என் பக்கத்துக்கே சான்று குடுக்குறீங்க.

கோ.

----

இலக்கணத்தைத் தனி இழையில வச்சுக்குவோமா? நாள் ஓடுது. உதவுற மாற்றம், கெடுக்குற மாற்றம் இதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் சாதகத் திரிவு, பாதகத் திரிவுன்னு எழுதி வச்சிருக்கேன். இதுல ஒரு சிக்கல் இருக்கு. எதிர்காத்துல ஏறும்போது படகு நேரா போக முடியாது, கோணல் மாணலா வெட்டி வெட்டித்தான் போகணும். ஒரு படகு காத்தை வலப்பக்கம் வாங்கிட்டுப் போகுது, இன்னொன்னு இடப்பக்கம். காத்து வலப்பக்கமாத் திரும்புச்சுன்னா முதல் படகுக்கு அது முதுகுப் பக்கம் போயிடும், சுத்தி வர வேண்டிய மிதவையை நோக்கி இன்னும் நிமிர்ந்து போகலாம். அதே நொடியில ரெண்டாவது படகுக்கு மூஞ்சிக்கு வந்துரும், மிதவையை விட்டு விலகிப் போக வேண்டியதுதான். ஒரே காத்து, ரெண்டு பலன். அப்போ காத்தைச் சாதகம் பாதகம்னு சொல்றது தப்பாத் தோணுது.

ந.

----

முன்திரிவு, பின்திரிவு. காத்து அணியத்துப் பக்கம், அதாவது படகோட மூக்குப் பக்கம் வந்தா முன், பின்னால போனா பின். வடசொல்லும் வேண்டாம்.

மு.

----

ஐயா மன்னிக்கணும், பின்திரிவுதான் நல்லதுன்னா எவனும் நம்ப மாட்டான். பின்னாலங்கிற சொல்லே பின்தங்குற மாதிரி இருக்கு. போட்டிக் கட்டுரையில இது தலைகீழாப் போயிடும்.

செ.

----

அக்கா, பேச்சுல எப்படி வரும்னு சொல்றேன். காத்து எடுத்துக் குடுக்குது, காத்து மறிக்குது. அவ்வளவுதான். எடுத்துக் குடுத்தா படகு மேல ஏறும், மறிச்சா கீழ தள்ளும். எடுப்பு, மறிப்புன்னு வச்சா போதும். யாருக்கு எடுப்பு, யாருக்கு மறிப்புன்னு படகைச் சேர்த்துச் சொல்லலாம், உங்க சிக்கலும் தீந்துரும்.

அ.

----

எடுப்பு, மறிப்பு ரெண்டும் நல்லா இருக்கு, ஆனா பிசகலை ஏத்துக்க முடியல. பிசகுன்னா தப்பு. காத்து தப்பு பண்ணல, அதை வாசிக்கத் தெரியாதவன்தான் பிசகுறான். காற்றுத் திருப்பம்னு வைப்போம்.

கோ.

----

திருப்பம் எனக்குப் படகுக்கே வேணும் ஐயா. படகு காத்துக்குக் குறுக்கே மூக்கைத் திருப்பி, பாயை அடுத்த பக்கம் மாத்துறது திருப்பம். கட்டுரையோட உயிரே அங்கதான் இருக்கு. இந்த ரெட்டை உடல் படகு அகலம், எடை கம்மி. நேரா ஓடினா பறக்கும், ஆனா காத்துக்கு எதிரா மூக்கைத் திருப்பும்போது ரெண்டு உடலும் தண்ணியில இழுத்து வேகம் சட்டுனு செத்துரும். ஒத்தை உடல் படகு கனத்தோட உந்துதல்ல சுத்தி வந்துரும், இது நிக்கும். அதனால காத்து மறிக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்பினா, திருப்பத்துலயே பத்து படகு நீளம் போயிடும். வர்ற மாற்றம் ஊசல் மாதிரி போயிட்டுத் திரும்பி வருமா, இல்ல அந்தப் பக்கமே நிலைச்சிருமான்னு தண்ணி மேல கறுக்குற திட்டைப் பார்த்து முடிவு பண்ணணும். பதக்க ஓட்டத்துல இவங்க ரெண்டு தடவை தண்டனை வாங்கி படகைச் சுத்த வேண்டியதாச்சு, கூட்டத்துக்குப் பின்னால போயிட்டாங்க. அங்கேருந்து ஆறாவதா வந்து சேர்ந்தாங்க. மொத்தம் 77 புள்ளி, ஆஸ்திரேலியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆளுக்கு 78. ஒரே புள்ளி! இதைச் சொல்றப்போ காத்துத் திருப்பமும் படகுத் திருப்பமும் ஒரே வாக்கியத்துல மோதக் கூடாது.

ந.

----

அப்போ காத்துக்குத் திரிவு, படகுக்குத் திருப்பம். பால் வாதத்தை விட்டுடுறேன். ஆனா காற்றுத் திரிவுன்னு போடுங்க, வளி வேண்டாம். ஊசல் திரிவு, நிலைத் திரிவுன்னு பிரிச்சுக்கலாம், ஊசல் இயற்பியல் பாடத்துலயே இருக்கு. பல நாள் போட்டிக்குப் புதுச் சொல் எதுவும் வேண்டாம், தொண்டிப் பக்கம் நடக்குறதைப் பத்திரிகையில பாய்மரப் படகுப் போட்டின்னுதான் போடுறாங்க, அதுவே எல்லாருக்கும் தெரியும். விட்டுடுற ஓட்டத்தைக் கழிவுன்னு மட்டும் போட்டுறாதீங்க, விடுபடு ஓட்டம்னு வைங்க.

செ.

----

காற்றுத் திரிவு சரி. எடுப்பு, மறிப்பு சரி. படகுக்கு இரட்டையுடல் படகு.

அ.

----

நானும் ஒத்துக்குறேன், ஒரு விலக்கோட. முதல் பத்தியிலயாவது கட்டுமரம்ங்கிற சொல்லுதான் உலகம் சுத்தி வந்து இந்தப் படகுக்குப் பேராச்சுன்னு எழுதணும். நம்ம சொல்லையே கேட்டமரான்னு திரும்ப வாங்கிப் போடுறது எனக்கு ஆறவே ஆறாது.

கோ.

----

எழுதுறேன் ஐயா, கட்டாயம். எல்லாருக்கும் நன்றி, இன்னிக்கு ராத்திரி இதை வச்சே முடிச்சு அனுப்பிடுறேன்.

ந.

----

என் மாறுபாட்டைப் பதிவு பண்ணிக்கிறேன். காற்றுத் திரிவுங்கிறது பாதி வழியில நிக்குது. பிள்ளைங்களுக்கு வளிமண்டலம் புரியும்னா வளித்திரிவும் புரியும், அதைச் சொன்னது செ. தம்பிதான். புறப்பாட்டுல இருக்குற தொடரை அப்படியே எடுத்துக் குடுத்தும் வளியை விட்டுட்டுத் திரிவை மட்டும் வச்சுக்கிறதுக்கு இங்க யாரும் காரணம் சொல்லல. அடுத்த இதழுக்கு முன்னாடி மறுபடி பேசுவோம். மீப்பாயைப் பத்தியும் ஒருத்தரும் வாய் திறக்கல.

மு.