‘ஆல் இன் ஆல் அவுட்’டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

கொழிஞ்சாம்பாறை, கால்நடை மருத்துவர்:

அனைவருக்கும் வணக்கம். பன்றி வளர்ப்புக் கையேட்டின் சுவாசநோய்ப் பகுதியில் இந்த ஓர் இடம் இன்னும் இடறுகிறது. குட்டிகளை ஒரு கொட்டிலில் ஒன்றாக ஏற்றி, ஒன்றாக இறக்கும் ‘ஆல் இன் ஆல் அவுட்’ முறைக்கு வரைவில் ‘அனைத்தும் உள்ளே, அனைத்தும் வெளியே’ என்றிருக்கிறது. கொட்டகையில் வேலை செய்பவர் இதைப் படித்தால் காலையில் திறந்துவிட்டு மாலையில் அடைக்கச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்.

‘ஓரீட்டு முறை’ என்று வைக்கலாமா? ஒரு ஈடு இட்லி, ஒரு ஈடு நெல் அவியல் என்கிறோமே, அந்த ஈடு. ஒன்றாக வைக்கிறோம், ஒன்றாக எடுக்கிறோம், முந்தைய ஈடு முழுதும் இறங்கிய பிறகே அடுத்தது ஏறும்.

சொல் துல்லியமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் நோயின் போக்கு. பன்றிக்கு நுரையீரல் அழற்சி தரும் மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே என்ற பாக்டீரியா, மூச்சுக்குழாயின் குற்றிழைகளில், அதாவது சளியைத் தள்ளும் நுண்மயிர்களில், ஒட்டி அவற்றை அழிக்கிறது. சளியை மேலே தள்ள ஆளில்லாமல் போவதால் பாஸ்சுரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பின்னாலேயே நுழைகின்றன. குட்டி பால்குடிக்கும்போதே தாயிடம், குறிப்பாகத் தலைஈத்துத் தாயிடம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வறட்டு இருமல் பெரும்பாலும் பால் மறந்து பல வாரம் கழித்தே கேட்கும். அதற்குள் மூக்கோடு மூக்கு உரசி அடைப்பு முழுக்கப் பரவியிருக்கும். இன்ஃப்ளுயன்சா இப்படியல்ல, ஓரிரு நாளில் கொட்டகையே இருமும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடும். மைக்கோபிளாஸ்மா தொற்றிய பன்றியோ 200 நாளுக்கு மேலும் கிருமியை வெளியேற்றக்கூடும். வயதில் மூத்த ஒரு குட்டி உள்ளே தங்கினாலே போதும், புதிதாக வரும் அத்தனை குட்டிக்கும் அதுவே ஊற்று.

கோபாலபுரம், பண்ணையாளர்:

டாக்டர், கருத்து சரி, சொல்லில் ஆபத்து இருக்கிறது. பன்றிக் கொட்டகையில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் ‘ஈத்து’. ஓரீட்டு என்று சொன்னால் ‘ஓரீத்து’ என்றே காதில் விழும். ஒரு தாயின் குட்டிகளைச் சேர்த்து வைத்தால் போதும் என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள். பக்கத்து அடைப்பில் மூன்று மாதக் குட்டிகள் இருப்பது கணக்கிலேயே வராது.

இன்னொன்று. முறை உடைவது பெரும்பாலும் சவலைக் குட்டியால்தான். எடை ஏறாததைப் பிரித்து, ‘இன்னும் கொஞ்சம் தேறட்டும்’ என்று அடுத்த சிறு குட்டிகளோடு விடுகிறார்கள். அதுதான் நெடுநாள் கிருமி சுமந்த குட்டி. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதைச் சொல்லே சொல்லியாக வேண்டும்.

வேலந்தாவளம், மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் ‘முழு ஈடு’. ‘முழு’ முன்னால் நின்றால் மிச்சம் வைப்பது தவறென்று கேட்டவுடன் படும், ஈத்தோடும் குழம்பாது. ஒரு நிபந்தனை: பிரித்தே அச்சிட வேண்டும். சேர்த்தெழுதினால் ‘முழுவீடு’ ஆகிவிடும். பெயரடையாக வரும்போது ‘முழு ஈட்டுக் கொட்டில்’. ‘தொகுதி முறை’ என்ற மாற்றும் வந்தது. அது சேர்ப்பதை மட்டுமே சொல்கிறது, காலி செய்வதைச் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை, கால்நடை மருத்துவர்:

சவலைக் குட்டி வாதத்தில் என் சொல் விழுந்துவிட்டது. முழு ஈடு என்றே வைத்துக்கொள்வோம். விளக்கம் இப்படி வரட்டும்:

“முழு ஈடு: ஏறத்தாழ ஒரே வயதுக் குட்டிகளை, இரண்டு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல், ஒரு கொட்டிலில் ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்குவது. பின்தங்கியவற்றுக்குத் தனிக் கொட்டில். பின்வரும் ஈட்டில் சேர்க்கக் கூடாது. காலியானதும் சாணத்தைச் சுரண்டி, சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஊற்றினால் வேலை செய்யாது. தரையும் தீவனத் தொட்டியின் மூலையும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த ஈடு.”

காயவிடுவதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலின் அதனிடம் பலிக்காததும் அதனால்தான். ஆனால் நன்றாகக் காய்ந்த தரையில் அது அதிக நாள் தாங்காது. ஆகவே இரண்டு ஈட்டுக்கு இடைப்பட்ட நாட்களை ‘ஓய்வுக்காலம்’ என்பதைவிடக் ‘காய்வுக்காலம்’ என்பது பொருந்தும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கென ஒரு வரியும் சேர்க்கிறேன். மார்கழி, தை மாதங்களில் சாக்குப் படுதாவைக் கூரைவரை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். மூத்திர அம்மோனியா உள்ளேயே தேங்கிக் குற்றிழைகளை அரிக்கும். அதன் அளவை 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்ட விடக் கூடாது. குட்டி படுக்கும் உயரத்துக்குக் காற்றை மறைத்து, மேலே இடைவெளி விட வேண்டும்.

கோபாலபுரம், பண்ணையாளர்:

காய்வுக்காலம் சரி. அடைப்புகளுக்கு நடுவே கம்பிக்குப் பதில் சுவர் என்பதையும் விளக்கத்தில் சேருங்கள் டாக்டர். மூக்கு உரசுவதை நிறுத்த அதைவிட நேரான வழி இல்லை.