முதல்ல ஆட ஆரம்பிச்சது யாரு? திறந்தவெளி ராக் கச்சேரி அனுபவங்கள்

மொட்டைமாடி:

ரொம்ப நாளா ஒரு கேள்வி. திறந்தவெளி ராக் கச்சேரிக்குப் போனவங்க சொல்லுங்க, உங்க பக்கத்துல முதல்ல ஆட ஆரம்பிச்சது யாரு? பேண்டைப் பத்தியும் சவுண்டைப் பத்தியும் எவ்வளவோ பேசியாச்சு. அந்த முதல் ஆளைப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

என் கதை இது. 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், அயர்ன் மெய்டன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு அப்படியே சென்ட்ரலுக்கு ஓடி, ராத்திரி மெயில்ல அன்ரிசர்வ்டுல நின்னுக்கிட்டே போனோம், ஆறு பேர். அவ்வளவு பெரிய மெட்டல் பேண்டு இந்தியாவுக்கு வர்றதுங்கறது அப்ப கனவு. அதனால நாடே கிளம்பி வந்திருந்துச்சு. நாகாலாந்துப் பசங்க, ஷில்லாங் பசங்க, கொச்சிக்காரங்க, மும்பைக்காரங்க. டீஷர்ட் எல்லாருக்கும் கருப்பு, பேச்சு மட்டும் பத்து பாஷை. என் கால்ல மட்டும் ஆபீஸ் ஷூ.

டெல்லி ராக் பேண்டு பரிக்ரமா முதல்ல வாசிச்சாங்க. வயலின் வந்ததும் கூட்டம் தலையை ஆட்டுச்சு, உடம்பு அசையல. கையைக் கட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கறவன் என்ன பண்றான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு நின்னோம். கல்யாண வீட்டுல முதல் பந்திக்கு யாரு போய் உக்காரறதுன்னு ஒரு தயக்கம் இருக்குமே, அதேதான்.

எனக்கு முன்னாடி நின்னவருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். முன் வழுக்கை. அரைக்கை சட்டையை இன் பண்ணியிருந்தார், சட்டைப் பையில கண்ணாடிக் கூடு. பையனுக்குத் துணையா வந்த அப்பான்னு நினைச்சேன். மெய்டன் மேடை ஏறி முதல் பாட்டு பாதி போயிருக்கும். மனுஷன் நிதானமா கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், கூட்டுல வச்சார், கூட்டை பேண்ட் பாக்கெட்டுக்கு மாத்தினார், மேல பட்டனையும் போட்டார். அப்புறம் குதிச்சார் பாருங்க! அஞ்சு நிமிஷத்துல எங்களைச் சுத்தி சும்மா நின்ன ஆளே கிடையாது. கண்ணாடியை உள்ள வச்ச அந்த நிதானத்தை இன்னி வரைக்கும் மறக்க முடியல.

நானும் மோஷ் பிட் உள்ள போனேன், அதான், ஆடுறவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கிற நடு இடம். ரெண்டு தடவை விழுந்தேன். விழுந்த அடுத்த நொடி அக்குள்ல நாலு கை, தூக்கி நிறுத்திட்டுத்தான் மறுபடி இடிச்சாங்க. இடது கால் ஷூ அங்கேயே போச்சு. திரும்பி வர்றப்போ ஒத்த ஷூவோட நொண்டிக்கிட்டு ரயில் ஏறினேன். கால்ல அடி போலன்னு நினைச்சு ஒரு பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உண்மையைச் சொல்லாம உக்காந்துட்டேன்.

கன்சோல் ஓரம்:

எங்களை மாதிரி பொண்ணுங்களுக்கு 'யாரு முதல்ல'ங்கறது கேள்வியே இல்ல. 'எங்க நின்னு'ங்கறதுதான்.

சென்னை ஐஐடியில சாரங்னு கலைவிழா நடக்கறப்போ ஓபன் ஏர் தியேட்டர்ல ராக் ஷோ. அப்ப நான் ரெண்டாம் வருஷம், வேற காலேஜ். அஞ்சு பேர் போனோம். பைகளை நடுவுல போட்டு, சுத்தி வட்டமா நின்னு, முழங்கையை வெளிப்பக்கமா வச்சு ஆடணும்னு சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாங்க. கேக்காம நான் மட்டும் முன்னாடி போனேன். பின்னாலேர்ந்து ஒரு கை வந்துச்சு. திரும்பிப் பாத்தா இருபது முகம், இருபதும் மேடையைப் பாத்துக்கிட்டு இருக்கு. அன்னைக்கு என்ன பாட்டு வாசிச்சாங்கன்னு கேட்டா தெரியாது. வெளிய வர எத்தனை பேரைத் தாண்டினேன்னு கேளுங்க, எண்ணிக்கிட்டே வந்தேன்.

அப்புறம் அக்கா ஒரு இடம் காமிச்சாங்க. கூட்டத்துக்கு நடுவுல சவுண்ட் மிக்ஸ் பண்ற மேசை இருக்கும் பாருங்க, அதோட தடுப்புக் கம்பி ஓரம். முதுகுக்குக் கம்பி இருக்கு, பின்னாலேர்ந்து யாரும் வர முடியாது. மிக்ஸ் பண்றவர் தன் காதுக்குத்தான சரி பண்றார், அதனால மைதானத்துலயே நல்ல சவுண்டும் அங்கதான். கேபிள் மிதிபடக் கூடாதுன்னு வாலண்டியர்ஸ் வேற நிப்பாங்க. நான் முதல்முதலா முழுசா கையைத் தூக்கி ஆடினது அங்கதான். அதுக்கப்புறம் எந்த ஊர்ல கச்சேரின்னாலும் முதல்ல மேசை எங்கன்னுதான் தேடறேன்.

எல்லாரும் மோசம்னு சொல்ல வரல. அதே ராத்திரி கடைசிப் பாட்டுக்கு, யாருன்னே தெரியாத நாலு பொடிப் பசங்க எங்க வட்டத்துக்கு வெளிய அவங்களாவே கை கோத்து நின்னுட்டாங்க. ஒருத்தன் கேட்டான், "அக்கா, முன்னாடி போகணுமா?" வேண்டாம்பா, இங்கயே நல்லாருக்குன்னேன்.

ஆறுக்கு எட்டு:

நான் மேடையிலேர்ந்து பாக்கற ஆளு. பதினஞ்சு வருஷமா காலேஜ் விழா, கார்ப்பரேஷன் மைதானம்னு டிரம்ஸ் வாசிக்கிறேன்.

முதல்ல ஒண்ணு. பின்னாடி நிக்கறவங்க தாளம் தப்பாத் தட்டுறாங்கன்னு திட்டாதீங்க. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிக்கறவருக்கு நான் அடிச்ச அடி 0.3 நொடி கழிச்சுத்தான் கேக்குது. அவர் தட்டுற கை எனக்கு வந்து சேர இன்னொரு 0.3. பாட்டு 120 டெம்போன்னா, அதாவது நிமிஷத்துக்கு 120 தட்டுன்னா, ஒரு தட்டுக்கு அரை நொடி. அப்ப அவர் சரியாத்தான் தட்டுறார், எனக்கு ஒரு தட்டுக்கு மேலயே தள்ளி வந்து விழுது. புதுசா வாசிக்கிற பசங்க கூட்டத்தோட கைதட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போய் வேகத்தைக் கோட்டை விடுறது இதனாலதான். பெரிய கச்சேரியில கூட்டத்துக்கு நடுவுல ஸ்பீக்கர் கோபுரம் போட்டு, அதுல வர்ற சத்தத்தைக் கணக்குப் பண்ணித் தாமதமா விடுவாங்க. நம்ம பட்ஜெட்டுல கோபுரமாவது ஒண்ணாவது.

ரெண்டாவதுதான் மொட்டைமாடி அண்ணன் கேட்டது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். ஒன்றரை மணி நேரமா நாலு எண்ணிக்கைத் தாளமாவே போட்டுத் தாக்கறோம். முன்வரிசை தலையாட்டுது, மத்தவங்க வேடிக்கை. கிடாரிஸ்ட் சோலோவுக்குப் போனான். எனக்குக் கை அரிச்சுது. அவன் கீழ நான் மெதுவா ஆறுக்கு எட்டுக்கு மாத்தினேன், ஆறு எண்ணிக்கைத் தாளம், நம்ம குத்து நடை. தலை நாலுக்கு ஆடும், இடுப்பு ஆறுக்குத்தான் அசையும்னு எங்க வாத்தியார் சொல்வார்.

முதல்ல ஆடினது ஸ்டூடண்ட்ஸ் இல்ல. மைதானத்துச் சுவர் ஓரம் பஸ்ஸை நிறுத்திட்டு நின்னாங்களே, காலேஜ் பஸ் டிரைவருங்க. ஒருத்தர் காக்கிச் சட்டையைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினார். அவர் பின்னாடியே மெஸ்ல வேலை பாக்கற அண்ணனுங்க. அப்புறம் பின்வரிசை, அப்புறம்தான் முன்வரிசை. மொத்த ஆட்டமும் பின்னாலேர்ந்து முன்னால வந்துச்சு, மேடையிலேர்ந்து பாக்க அலை வர்ற மாதிரி. கிடாரிஸ்ட் ஒரு வாரம் என்கூடப் பேசல. "இது ராக்காடா?"ன்னான்.

பனங்கொட்டை:

ஆறுக்கு எட்டு அண்ணை சொன்னது எங்கட பக்கமும் அப்பிடித்தான். கொழும்பிலை வேலை செய்யேக்கை கூட வேலை செய்த சிங்களப் பெடியளோடை ஒரு நிகழ்ச்சிக்குப் போனனான். பின்னேரம் மழை பெய்து புல்லெல்லாம் சேறு. முதல் இங்கிலிஷ் ரொக், பிறகு சிங்கள ரொக். சொல்லு ஒண்டும் விளங்காமல் சோடாப் போத்திலோடை ஒரு ஓரமா நிண்டனான்.

கடைசியிலை வழமை போலை பைலா எண்ட ஆட்டப் பாட்டுத் துவங்கினாங்கள். பைலாவும் ஆறுக்கு எட்டுத்தான், போர்த்துக்கேயர், ஆபிரிக்க வழிவந்த காப்பிரியர் வழியா வந்த சாமான். துவங்கின உடனை முன்னுக்குக் கதிரையிலை இருந்த சனமும் எழும்பிட்டுது. எனக்குப் பக்கத்திலை முதல் ஆடினது ஒரு வயசான பறங்கி அம்மா, ஐரோப்பிய வழிவந்த இலங்கைக்காரி. செருப்பு ரெண்டையும் கழட்டிக் கைப்பைக்குள்ளை வைச்சுப்போட்டு, வெறுங்காலோடை சேத்துக்கை இறங்கினா. என்னைப் பாத்துக் கை காட்டினா. எனக்கு ஆடத் தெரியாதம்மா எண்டு பதட்டத்திலை தமிழிலை சொல்லிப்போட்டன். விளங்கின மாதிரித் தலையாட்டிப்போட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தா. யாழ்ப்பாணத்திலை சென். ஜோன்ஸ், மத்திய கல்லூரி கிரிக்கெட் மட்ச்சுக்குப் பப்பரே பாண்ட் அடிச்சு ஆடின கால் எல்லே, தன்ரை பாட்டிலை ஆடிச்சுது. அந்த நேரம் ஆர் தமிழ், ஆர் சிங்களம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. வெளியிலை வந்து ஓட்டோ பிடிக்கேக்கை கேட்டாங்கள், அது வேறை கதை.

கைகட்டி:

நான் அந்தக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கற கோஷ்டி. ராக்னா எனக்குத்தான் தெரியும்ங்கற நினைப்பு இருந்த காலம்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் ஸ்கூல் மைதானம். பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முதலா மேடை ஏறின நாள். அயோத்திதாசர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்'லேர்ந்து வந்த பேரு. மேடையில பத்தொன்பது பேரு. கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டி மேளமும் இன்னொரு பக்கம், நடுவுல கானா பாடுறவங்க. கோட்டு சூட்டுல வந்தாங்க, சாதி பாக்கறவங்களுக்கு அதுவே ஒரு பதில் மாதிரி இருந்துச்சு.

கூட்டத்தைப் பாத்து எனக்குக் குழப்பம். ராக் கச்சேரின்னா பதினெட்டுலேர்ந்து முப்பது வயசு, முக்காவாசி ஆம்பளைங்கன்னு பழக்கம். இங்க வீட்டோட வந்திருக்காங்க. தூக்குல சாப்பாடு. அப்பா தோள்ல குழந்தை. எனக்கு இந்தப் பக்கம் ஐடி கார்டைக் கழுத்துலேர்ந்து கழட்டாத ஒரு பொண்ணு, அந்தப் பக்கம் வடசென்னையிலேர்ந்து வேன் பிடிச்சு வந்த ஒரு குடும்பம்.

பறை விழுந்ததும் முதல்ல எழுந்தது அந்தக் குடும்பத்து அம்மா. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்புல சொருகினாங்க, பக்கத்துல இருந்த மருமகள் கையில கைக்குழந்தையைக் கொடுத்தாங்க, இறங்கிட்டாங்க. யாரையும் பாத்து வெக்கப்படல, யாருக்கும் காட்டவும் ஆடல. ஸ்டெப்பு ஒவ்வொண்ணும் அடிக்கு அடி உக்காந்துச்சு. நாங்கல்லாம் மெட்டல் கச்சேரியில தலையைச் சுத்துறது எதையோ பாத்துப் பழகினது. அவங்களுக்கு அது அப்படி இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுது.

சாவுக்கு அடிக்கிற பறைன்னு சின்ன வயசுல எங்க வீட்டுல ஜன்னலைச் சாத்துவாங்க. அதை இங்க எழுதறதுக்கே கூச்சமாத்தான் இருக்கு. அன்னைக்கு அந்த அம்மா பையன் என் கையைத் தட்டி, "இன்னா சார், கைய அவுத்து வுடு"ன்னான். அவுத்தேன். கேவலமாத்தான் ஆடினேன், பரவால்ல.

சுழல்:

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு தெரியுமா? கார்னெல் பல்கலைக்கழக இயற்பியல் ஆட்கள் மெட்டல் கச்சேரி வீடியோக்களை வச்சு 2013ல ஒரு கட்டுரை போட்டாங்க. மோஷ் பிட்ல ஆளுங்க மோதிக்கறது, டப்பாவுல அடைச்ச வாயுவோட மூலக்கூறுகள் மோதற மாதிரி. வட்டமா ஓடுறாங்களே, அந்த சர்க்கிள் பிட், நீர்ச்சுழி மாதிரி. பெரும்பாலும் இடப்பக்கமாத்தான் சுத்துறாங்களாம்.

கன்சோல் ஓரம்:

பிரகாரத்தை வலமா சுத்திப் பழகினவங்க உள்ள போனா நேருக்கு நேர் முட்ட வேண்டியதுதான்.

ஆறுக்கு எட்டு:

ஒரு புலம்பல் மிச்சம் இருக்கு. இப்பல்லாம் மைதானத்தைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர்னு கூறு போட்டுடறாங்க. போன வருஷம் ஒரு ஊர்ல எங்களுக்கு முன்னாடி இருபது வரிசைக்கு வெள்ளைத் துணி போட்ட நாற்காலி, முதல் வரிசைக்கு சோபா. ஆடுற கூட்டம் நூறடி தள்ளி, கம்பிக்கு அந்தப் பக்கம். எங்க பாடகர் "எல்லாரும் எழுந்திரிங்க!"ன்னு கத்தினார். முன்வரிசையில போன் மட்டும் எழுந்துச்சு.

போதாக்குறைக்கு கூட்டம் சூடாகவே ஒன்பதரை ஆயிடுது. ராத்திரி 10 மணிக்கு மேல திறந்தவெளியில ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000லயே விதி இருக்கு. நியாயமான விதிதான், பக்கத்துல வீடு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா தலைவர் பேச்சு, ஸ்பான்சர் பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிச்சு எட்டே முக்காலுக்கு மேடை கொடுத்தா எப்படி? இன்ஸ்பெக்டர் வாட்சைக் காட்டுறார், கூட்டம் அப்பத்தான் சட்டையைக் கழட்டுது.

வெறுங்கால்:

இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், மொட்டைமாடி அண்ணன் எழுதினதைப் பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. 2007 மெய்டனுக்கு நானும் வந்திருந்தேன், ஓசூர்லேர்ந்து. பிட்ல ஒரு ஷூ கிடைச்சுது, இடது கால். ரெண்டு பாட்டு முழுக்கத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு "யாருது, யாருது"ன்னு தமிழ், கன்னடம், இந்தின்னு மாத்தி மாத்திக் கத்தினேன். யாரும் வரல. கடைசியில டிரம் பக்கமா ஒரு கம்பத்துல மாட்டிட்டு வந்தேன். அண்ணே, பிரவுன் கலரு, லேஸ் வச்சது. உங்களுதா?

மொட்டைமாடி:

கருப்பு. லேஸ் கிடையாது.

வெறுங்கால்:

அப்ப அது வேற யாருதோ.